மேல்சீட்டைக் காட்டும் விளக்கு: லேன்டர்ன் கன்ட்ரோல், 2015 முதல் 2018 வரை

2018 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. ஸ்பெயினின் பில்பாவோ நகரில் மேஜிக்: த கேதரிங் சீட்டாட்டத்தின் உயர்மட்டத் தொழில்முறைப் போட்டியான புரோ டூரின் இறுதிச் சுற்று. ஒரு பக்கம் அமெரிக்காவின் ஜெர்ரி தாம்சன். எதிரே அர்ஜென்டினாவின் லூயிஸ் சால்வாட்டோ. சால்வாட்டோ கொண்டுவந்திருந்த டெக், அதாவது அவர் தேர்ந்து சேர்த்த சீட்டுகளின் தொகுப்பு, எதிராளியை அடித்து வீழ்த்துவதற்காகக் கட்டப்பட்டதல்ல. எதிராளி அடுத்து எந்தச் சீட்டை எடுக்கலாம் என்பதைத் தான் முடிவுசெய்வதற்காகவே கட்டப்பட்டது. அன்று சால்வாட்டோ வென்றார். பரிசு 50,000 டாலர்.

அந்த டெக்கின் பெயர் லேன்டர்ன் கன்ட்ரோல். வேடிக்கைக்காகச் சேர்த்த பொம்மை என்று பலர் ஒதுக்கிவைத்திருந்ததை, மூன்று ஆண்டுகளில் உலகின் மிகக் கடினமான மேடையில் வெல்லும் கருவியாக எப்படிச் செப்பனிட்டார்கள் என்பதே இந்த ஆய்வு. இதில் எனக்குச் சொந்த அக்கறையும் உண்டு. காகிதத்தில் அச்சிட்ட நகல்களை வைத்துக்கொண்டு என் தம்பியோடு எத்தனையோ இரவுகள் இந்த டெக்கை ஆடிப் பார்த்திருக்கிறேன். நான் அறிந்த சீட்டாட்ட டெக்குகளில் ஆடுபவரிடம் இவ்வளவு கேட்பது வேறொன்றில்லை.

ஆட்டத்தை அறியாதவர்களுக்குச் சில வரிகள். மேஜிக்கில் ஒவ்வொருவரும் குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட டெக்கைத் தாமே சேர்த்து வருவார்கள். கூடவே 15 சீட்டுகள் சைட்போர்டாக இருக்கும், முதல் ஆட்டம் முடிந்ததும் அவற்றிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளிகள். முறை வரும்போதெல்லாம் கட்டின் மேலிருந்து ஒரு சீட்டு எடுக்க வேண்டும். எடுக்கச் சீட்டில்லாமல் போனவர் தோற்றார். பெரும்பாலானோர் உயிர்ப்புள்ளியைக் குறிவைக்கிறார்கள். லேன்டர்ன் அந்தக் கடைசி விதியைக் குறிவைக்கிறது.

மூன்று பொருள்கள்

டெக்கின் உயிர்நாடி மூன்று ஆர்டிஃபாக்ட் சீட்டுகள். மாயப் பொருள்களைக் குறிக்கும் சீட்டு வகை அது. முதலாவது லேன்டர்ன் ஆஃப் இன்சைட். 2004இல் வந்த சீட்டு. விலை ஒரே ஒரு மானா. மானா என்பது சீட்டுகளை இறக்கச் செலவிடும் ஆற்றல். பெரும்பாலும் நிலச் சீட்டுகள் தருவது, அதற்கு நிறங்களும் உண்டு. அது மேசையில் இருக்கும்வரை இருவரும் தத்தம் கட்டின் மேல்சீட்டைத் திறந்துவைத்தே ஆட வேண்டும். இரண்டாவது 2012இல் வந்த கோடெக்ஸ் ஷ்ரெடர். அதைச் சாய்த்தால், அதாவது பக்கவாட்டில் திருப்பினால், ஒருவருடைய கட்டின் மேல்சீட்டு கல்லறை எனப்படும் கழிவுக் குவியலுக்குப் போகும். சாய்த்த சீட்டு, அதன் உரிமையாளரின் அடுத்த முறையில்தான் மறுபடி நிமிரும். கூல்காலர்ஸ் பெல் போன்ற வேறு சில சீட்டுகளும் ஏறக்குறைய இதையே செய்கின்றன. ஆட்டக்காரர்கள் இவற்றை மில் ராக் என்பார்கள். நான் அரவைக்கல் என்று எழுதுகிறேன். மூன்றாவது என்ஸ்னேரிங் பிரிட்ஜ், 1998ஆம் ஆண்டுச் சீட்டு. அதை இறக்கியவரின் கையில் எத்தனை சீட்டு இருக்கிறதோ, அந்த எண்ணிக்கையைவிட வலு மிகுந்த எந்தக் கிரியேச்சரும் (உயிரினச் சீட்டும்) தாக்க முடியாது. கை காலியானால் தாக்குதல் ஏறக்குறைய நின்றுவிடும்.

விளக்கு காட்டுகிறது, அரவைக்கல் தள்ளுகிறது, பாலம் தடுக்கிறது. எதிராளியின் மேல்சீட்டு ஆபத்தானதாக இருந்தால் அரைத்துத் தள்ளலாம். பயனற்றதாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம், அதையே அவர் எடுத்துக்கொள்வார். இப்படியே அவருடைய கட்டு தீரும்வரை போகும்.

தனித்தனியே பார்த்தால் இந்தச் சீட்டுகள் ஒன்றுக்கும் உதவாதவை. விளக்கு மட்டும் இருந்தால் எதிராளிக்கும் தன் அடுத்த சீட்டு தெரிந்துவிடுகிறது, அவருக்கே அது நன்மை. கல் மட்டும் இருந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு அரைப்பதுதான். மூன்றும் சேராதவரை கையில் இருப்பது வெறும் ஓட்டை உடைசல். இந்த டெக்கின் முதல் ஆபத்து இதுவே.

கணக்கு சொல்வது

ஏன் மூன்றும் தேவை என்பதை நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்த கணக்கு எனக்கு விளக்கியது. எதிராளியின் கட்டில் 40 சீட்டு மீதமிருக்கிறது என்று கொள்வோம். அதில் 14 நிலச் சீட்டுகள், மீதி 26 சீட்டுகள் நம்மைத் துன்புறுத்தக்கூடியவை. விளக்கு எரிகிறது, அரவைக்கல் ஒன்றுமில்லை. அவர் துன்புறுத்தும் சீட்டை எடுக்க வாய்ப்பு 65 சதவீதம். ஒரு கல் இருந்தால், அடுத்தடுத்து இரண்டு சீட்டுகளும் கெட்டவையாக இருந்தால்தான் அவருக்குக் கிடைக்கும்: 42 சதவீதம். இரண்டு கற்களோடு 26. மூன்று கற்கள் இருந்தும் 16 சதவீதம் மிஞ்சுகிறது. பத்து முறை நீடிக்கும் ஆட்டத்தில் அது ஒருமுறையாவது நிகழ்ந்துவிட 80 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. இதை வைத்துக்கொண்டு போட்டிக்குப் போக முடியாது.

இப்போது பாலத்தை இறக்குங்கள். அந்த 26இல் 11 கிரியேச்சர் சீட்டுகள் என்றால் அவை அந்தக் கணமே செத்த சீட்டுகளாகின்றன. மிச்சம் 15. ஒரு கல்லோடு வாய்ப்பு 13.5 சதவீதம், இரண்டோடு 4.6, மூன்றோடு 1.5. பத்து முறைக்கும் சேர்த்து ஏறக்குறைய 14 சதவீதம்தான். பாலம் பெருக்கப்படும் எண்ணைக் குறைக்கிறது, ஒவ்வொரு கல்லும் அதை இன்னொரு முறை பெருக்குகிறது. தடுப்பதற்காக மட்டுமே பாலம் இருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைத்திருந்தேன். உண்மையில் அது எதிராளியின் கட்டையே மாற்றி எழுதுகிறது.

கட்டின் மேலே இருப்பதை மட்டுமே கற்கள் கவனிக்கும். ஏற்கெனவே எதிராளியின் கையில் இருப்பதை எடுத்துக் கழிக்க தாட்சீஸ், இன்க்விசிஷன் ஆஃப் கோஸிலெக் போன்ற ஒரு மானாச் சீட்டுகள் டெக்கில் உண்டு. அவற்றை இறக்கினால் எதிராளி தன் கையை விரித்துக் காட்ட வேண்டும். அந்த நொடியிலிருந்து அவருடைய கை முழுவதும் ஆடுபவரின் நினைவில் இருந்தாக வேண்டும். இந்த டெக்கை ஆடுபவர்கள் பக்கத்தில் தாளும் பென்சிலும் வைத்துக் குறித்துக்கொள்வது அலங்காரத்துக்கு அல்ல.

ஓக்லஹோமா சிட்டி, 2015

2015 செப்டம்பரில் அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த கிராண்ட் பிரீ போட்டியை ஸாக் எல்சிக் இந்த டெக்கோடு வென்றார். எந்தச் சீட்டுகளை ஆடலாம் என்று வரையறுக்கும் ஆட்ட வகைகளில் ஒன்றான மாடர்னில் நடந்த போட்டி அது. அந்த வகை 2011இல் தொடங்கியது. அதில் எத்தனையோ வேகமான டெக்குகள் இருந்தபோது, எதையும் தாக்காத ஒன்று ஒரு பெரிய போட்டியின் கோப்பையை எடுத்துச் சென்றது. அதுவரை இதைக் கேலியாகப் பார்த்தவர்கள் அன்றிலிருந்து சைட்போர்டில் இடம் ஒதுக்கத் தொடங்கினார்கள்.

அந்தக் காலத்து டெக்கின் அடிப்படை கறுப்பும் பச்சையும். கறுப்பு, எதிராளியின் கையைக் காலி செய்ய. பச்சை, ஏன்ஷியன்ட் ஸ்டர்ரிங்ஸ் என்ற சீட்டுக்காக. ஒரு மானாவுக்குக் கட்டின் மேல் ஐந்து சீட்டுகளைப் பார்த்து, நிறமற்ற ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். டெக்கில் பெரும்பாலானவை நிறமற்ற ஆர்டிஃபாக்ட்கள் என்பதால் விளக்கோ பாலமோ கல்லோ, வேண்டியதைத் தேர்ந்துகொள்ள முடிந்தது. ஆனாலும் அது ஐந்து சீட்டுகளுக்குள் இருக்க வேண்டும். பாலம் வராமல் தோற்ற ஆட்டங்கள் இந்த டெக்கை ஆடிய எல்லோருக்கும் உண்டு. மூன்றாவது முறையிலேயே எதிராளியின் படை மேசையை நிரப்பிவிட, விளக்கொளியில் தன் கட்டின் மேல் நிலச் சீட்டு ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே சாவது மிகக் கொடுமையான தோல்வி. மற்ற டெக்குகளில் அடுத்த சீட்டின்மேல் கொஞ்சம் நம்பிக்கையாவது மிஞ்சும்.

தேடலிலிருந்து அழைப்புக்கு

2017 ஜனவரியில் வெளிவந்த தொகுதியில் விர் ஆஃப் இன்வென்ஷன் என்றொரு சீட்டு வந்தது. நீல மானா மூன்று கொடுத்து, வேண்டிய ஆர்டிஃபாக்டின் விலைக்கு ஈடாகக் கூடுதல் மானாவும் கொடுத்தால், கட்டிலிருந்து அதை நேரே மேசையில் இறக்கலாம். அந்தக் கூடுதல் மானாவுக்குப் பதில் மேசையில் இருக்கும் ஆர்டிஃபாக்ட்களைச் சாய்த்தும் ஈடுகட்டலாம். அதுவும் எதிராளியின் முறையிலேயே செய்யலாம்.

டெக்கைச் செப்பனிட்டவர்கள் இதைக் கண்டதும் அடிப்படையையே மாற்றத் துணிந்தார்கள். மூன்று நீல மானா என்பது பச்சையும் கறுப்பும் அடிப்படையான ஒரு டெக்குக்குப் பெரிய சுமை. கிளிம்மர்வாய்டு, ஸ்பயர் ஆஃப் இண்டஸ்ட்ரி போன்ற, ஆர்டிஃபாக்ட் இருந்தால்தான் ஒழுங்காக உழைக்கும் நிலச் சீட்டுகளையும், மூன்று ஆர்டிஃபாக்ட் சேர்ந்ததும் எந்த நிறமும் தரும் மாக்ஸ் ஓபலையும் நம்பித்தான் அதைச் சுமக்க வேண்டியிருந்தது. ஒரு ஆபத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்கிக்கொண்டார்கள். கையில் பாலம் வருமா என்ற ஆபத்து போய், மூன்று நீலம் கூடுமா என்ற ஆபத்து வந்தது. இரண்டாவது தங்கள் நிலச் சீட்டுகளை எண்ணித் திருத்தக்கூடிய ஆபத்து. முதலாவதற்கு ஏன்ஷியன்ட் ஸ்டர்ரிங்ஸுக்கு மேல் மருந்தில்லை. இந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

விர் வந்ததால் இன்னொரு கதவும் திறந்தது. ஒரே ஒரு பிரதியாக வைக்கும் சீட்டுகளுக்கு மதிப்பு கூடியது. கல்லறையை நம்பும் டெக்குகளுக்கு எதிராக கிரேவ்டிகர்ஸ் கேஜ் ஒன்று. நம்மைக் குறிவைக்கும் மந்திரங்களுக்கு எதிராக விட்ச்பேன் ஆர்ப் ஒன்று. தேவைப்படும் வேளையில் அழைத்தால் வரும்.

ஆனால் இங்கே ஒரு முடிச்சு உண்டு. விர்ருக்காகச் சாய்த்த அரவைக்கல் நம் அடுத்த முறை வரும்வரை அரைக்காது. பாலத்தை அழைக்க மூன்று கற்களைச் சாய்த்தால், எதிராளியின் அடுத்த சீட்டுக்கு முன் நாம் வெறுங்கையோடு நிற்கிறோம். பாலம் இப்போதே வேண்டுமா, இன்னொரு அடி வாங்கிக்கொண்டு அடுத்த முறை வரை பொறுக்கலாமா? நான் கண்டவரை ஆட்டத்தின் பெரும்பாதி இந்தக் கேள்வியில் கழிகிறது.

ஒரு முறை, அருகிலிருந்து

என் தம்பியோடு ஆடிய ஓர் இரவை முழுதாகச் சொல்கிறேன். அவன் கையில் சீட்டில்லை. என் கையிலும் இல்லை. என் முன்னால் விளக்கு, பாலம், ஷ்ரெடர் இரண்டு, பெல் ஒன்று, முன்பே இறக்கிய பித்திங் நீடில் ஒன்று. அவன் கட்டின் மேல் கொலகன்ஸ் கமாண்ட் திறந்து கிடந்தது. ஓர் ஆர்டிஃபாக்டை உடைக்கும் சீட்டு அது.

என் முறை தொடங்கியபோது என் கட்டின் மேல் ஒரு நிலச் சீட்டு இருந்தது. அதை எடுக்க எனக்கு மனமில்லை. பெல்லைச் சாய்த்தேன். இருவருடைய மேல்சீட்டும் கல்லறைக்குப் போயின. அவனுடைய கமாண்டும் போயிற்று, என் நிலமும் போயிற்று. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று மகிழ்ந்தேன். அவன் கட்டின் மேல் இப்போது ஒரு மலைச் சீட்டு.

அவன் முறை வந்தது. சீட்டெடுப்பதற்கு முந்தைய கட்டமான அப்கீப்பில் மேலே மலையே இருந்தது. "சரி, எடு" என்றேன்.

"அண்ணா, எடுப்பதற்கு முன்னால் இதை உடைக்கிறேன்" என்று மேசையில் இருந்த ஃபெட்ச் லேண்டைத் தொட்டான். கட்டிலிருந்து வேறொரு நிலத்தைத் தேடி எடுத்து, பிறகு கட்டைக் கலைக்க வைக்கும் சீட்டு அது. கலைத்தான். மேலே லைட்னிங் போல்ட். என் உயிர்ப்புள்ளி மூன்று, போல்ட் வந்தால் முடிந்தது. ஒரு ஷ்ரெடரைச் சாய்த்தேன். அடுத்தது இன்னொரு போல்ட். இரண்டாவது ஷ்ரெடரையும் சாய்த்தேன். மேலே வந்தது இன்னொரு கொலகன்ஸ் கமாண்ட். என்னிடம் கல் மிச்சமில்லை. அவன் எடுத்தான், பாலத்தை உடைத்தான், அந்த முறையிலேயே ஆட்டம் முடிந்தது.

அடுத்த நாள் முழுவதும் அந்த ஆட்டத்தை மனத்துக்குள் பின்னோக்கி ஆடிப் பார்த்தேன். மூன்று சீட்டுகளும் தொடர்ந்து கெட்டவையாக வந்தது துரதிர்ஷ்டம்தான். ஆனால் பெல்லை நான் என் நலனுக்காக, என் முறையிலேயே செலவிட்டிருந்தேன். அவன் முறைக்காகக் காத்திருந்து அங்கே கமாண்டை அரைத்திருந்தாலும் ஒரு கல் போயிருக்கும். ஆக, பிழை அதற்கும் முன்னால் நடந்திருக்கிறது. அந்தப் பித்திங் நீடிலை ஐந்து முறைகளுக்கு முன் இறக்கினேன். ஒரு சீட்டின் பெயரைச் சொன்னால் அந்தச் சீட்டின் செயலை முடக்கும் ஊசி அது. மேசையில் அந்த ஃபெட்ச் லேண்ட் கண்ணெதிரே கிடந்தது. நான் அதன் பெயரைச் சொல்லாமல், அவனிடம் இருக்கக்கூடும் என்று அஞ்சிய லிலியானா ஆஃப் த வெயில் பெயரைச் சொன்னேன். அந்த ஆட்டத்தில் லிலியானா வரவே இல்லை. விளக்கு எரியும்போது வரப்போவதற்கு அஞ்ச வேண்டியதில்லை, அது வரும்போது தெரியும், அப்போது அரைத்துக்கொள்ளலாம். கலைப்பு ஒன்றே விளக்கின் கண்ணைக் கட்டும். ஊசி குத்த வேண்டிய இடம் அதுதான்.

அரைத்தால் தொலைந்தது என்று நினைப்பதும் இன்னொரு பொறி. ஏன்ஷியன்ட் கிரட்ஜ் என்ற சீட்டு ஓர் ஆர்டிஃபாக்டை உடைக்கும், பின் கல்லறையிலிருந்தே ஒரு பச்சை மானாவுக்கு மறுபடி உடைக்கும். அதை அரைப்பது எதிராளிக்கு நாமே எடுத்துக் கொடுப்பதாகும். கல்லறையிலிருந்து நிரந்தரமாக அகற்றும் சர்ஜிகல் எக்ஸ்ட்ராக்‌ஷன் கையில் இருந்து, எதிராளியிடம் அந்தப் பச்சை மானா இல்லாதபோதோ, கிரேவ்டிகர்ஸ் கேஜ் மேசையில் இருக்கும்போதோதான் துணிந்து அரைக்கலாம்.

கடிகாரம்

இந்த டெக்கின் மிகப் பெரிய எதிரி எந்தச் சீட்டிலும் அச்சிடப்படவில்லை. போட்டியின் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம். அதற்குள் மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டும். நேரம் முடிந்தால் ஐந்து கூடுதல் முறைகள் மட்டுமே. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு 1. எதிராளியைப் பூட்டிய பிறகும் அவருடைய கட்டைத் தீர்க்கப் பல முறைகள் ஆகும். எங்கள் பயிற்சியில் ஒரே ஆட்டம் அரை மணியைத் தாண்டியதுண்டு. பூட்டப்பட்டவர் தோல்வியை ஒப்புக்கொண்டால் நேரம் மிச்சம். ஆனால் அப்படி ஒப்புக்கொள்ள அவருக்குக் கட்டாயமில்லை, அவர்மேல் குறையும் சொல்ல முடியாது.

அதனால் முதல் ஆட்டத்தின் மதிப்பு மற்ற டெக்குகளைவிட இங்கே பன்மடங்கு. 1-0 என்று முன்னணியில் இருக்கும்போது நேரம் தீர்ந்தால் சுற்று நமக்கே. 0-1 என்றால் மீதி நேரத்தில் இரண்டு நீண்ட ஆட்டங்களை வென்றாக வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர், கைநழுவிய முதல் ஆட்டத்தை நாலாவது முறையிலேயே விட்டுக்கொடுப்பார். மற்ற டெக்குகளில் கோழைத்தனமாகத் தோன்றும் அந்தச் செயல் இங்கே கணக்கு. வேண்டுமென்றே நேரம் கடத்துவது வேறு விஷயம், அதற்குப் போட்டியிலிருந்தே நீக்குவார்கள். மெதுவாக யோசித்தாலும் நடுவர் எச்சரிப்பார். ஒவ்வொரு முறையும் இரண்டு மேல்சீட்டு, இரண்டு கல்லறை, எதிராளியின் கை எல்லாவற்றையும் பார்த்து விரைந்து முடிவெடுப்பதை வீட்டிலேயே பழகிக்கொள்ள வேண்டும். நாங்கள் மேசைமேல் கைக்கடிகாரம் வைத்து ஆடத் தொடங்கியபோதுதான் என் ஆட்டம் தேறியது.

நேரத்தைத் தின்னும் டெக்குகளை நிர்வாகம் முன்பே தண்டித்திருக்கிறது. 2012இல் சியாட்டல் புரோ டூரை வென்ற எக்ஸ் (Eggs, முட்டைகள்) என்ற டெக்கின் முறைகள் முடிவில்லாமல் நீண்டதால், 2013இல் அதன் அச்சாணியான செகண்ட் சன்ரைஸ் மாடர்னில் தடைசெய்யப்பட்டது. லேன்டர்னை ஆடியவர்கள் அந்த அச்சத்தோடே ஆடினார்கள்.

மீண்டும் பில்பாவோ

2016க்குப் பிறகு புரோ டூருக்கு மாடர்ன் திரும்பி வந்தது பில்பாவோவில்தான். முதல் இரண்டு நாளும் சேர்த்து 16 சுற்றுகள், அவற்றில் 10 மாடர்ன். கடிகாரத்தோடு போராடி அதைத் தாண்டி வந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பரிசு காத்திருந்தது. கடைசி எட்டு பேருக்கான சுற்றுகளில் நேர வரம்பு கிடையாது. அங்கே இந்த டெக்கின் பெரிய எதிரி மேசையை விட்டு எழுந்து போய்விடுகிறது.

தாம்சனின் மார்டு பைரோமான்சர் டெக் லேசான எதிரியல்ல. அதில் கொலகன்ஸ் கமாண்ட் உண்டு. ஃபெய்த்லெஸ் லூட்டிங் உண்டு. லூட்டிங் இரண்டு சீட்டுகளை ஒரே மூச்சில் எடுக்க வைக்கும், விளக்கு காட்டுவதோ மேலே இருக்கும் ஒன்றை மட்டும். இரண்டாவது இருளில் இருக்கிறது. கல்லறைக்குப் போன லூட்டிங்கை மறுபடியும் இறக்கலாம் என்பது இன்னும் மோசம். கல்லறையிலிருந்து மந்திரம் சொல்வதையே தடுக்கும் கிரேவ்டிகர்ஸ் கேஜ் இதற்குப் பதில். அதன் விலை ஒரு மானா. விர் இருந்தால் ஒரே ஒரு கல்லைச் சாய்த்து அதை அழைத்துவிடலாம். லிங்கரிங் சோல்ஸ் தரும் ஒரு வலுக் கொண்ட ஆவிகளோ, காலிக் கையோடு இருக்கும் பாலத்தின் முன் நின்றுவிடும். இந்த இணையில் லேன்டர்னுக்கு வாய்ப்பிருந்தது 2017இல் செய்த அந்த மாற்றத்தால்தான் என்பது என் கருத்து. 2015இன் டெக் இதே மேசையில் கேஜைத் தேடித் திணறியிருக்கும்.

சால்வாட்டோ அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் பட்டத்தையும் பெற்றார். பில்பாவோ முடிந்த எட்டாம் நாள், பிப்ரவரி 12 அன்று தடைப் பட்டியல் அறிவிப்பு வந்தது. லேன்டர்னின் எந்தச் சீட்டும் அதில் இல்லை. மாறாக, ஜேஸ் த மைண்ட் ஸ்கல்ப்டர், பிளட்பிரெய்டு எல்ஃப் என்ற இரண்டு பழைய சீட்டுகளுக்கு விடுதலை கிடைத்தது. அடி விழுந்தது 2020 ஜனவரியில், மாக்ஸ் ஓபல் தடைசெய்யப்பட்டபோது. மூன்று நீல மானாவை வேகமாகச் சேர்க்கும் வழி அதோடு அடைபட்டது. அந்தத் தடை 2024 டிசம்பரில்தான் நீங்கியது.

எங்கள் வீட்டுக் காகித டெக் இன்னும் ரப்பர் பேண்டுக்குள் இருக்கிறது. தடை இருந்த ஆண்டுகளிலும் ஓபலை எடுக்கவில்லை, வீட்டு மேசைக்குத் தடைப் பட்டியல் கிடையாது. போன வாரம் தம்பி ஃபெட்ச் லேண்டைத் தொட்டபோது என் முன்னால் ஒரு ஷ்ரெடர் சாய்க்காமல் நின்றது. அவன் கையை எடுத்துக்கொண்டான்.